இரண்டு வித்தைக்காரர்கள்

டார்க்வுட் காட்டின் பழங்குடித் தலைவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள். திடீரென்று வெடிச்சத்தம், கண்ணைக் கூசவைக்கும் ஒளி, புகை. புகை விலகும்போது அங்கே ஒருவன் நிற்கிறான். கையில்லாத சிவப்புச் சட்டை, மார்பில் மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு பறவை, கையில் கல் கோடரி. தன்னை ஆவிகளின் தூதன் என்கிறான். ஸா-கோர்-டெ-நே, சுருக்கமாக ஸாகோர், அதாவது கோடரி ஏந்திய ஆவி. தலைவர்கள் நம்பிவிடுகிறார்கள். உண்மை காமிக்ஸ் வாசகருக்கு மட்டும் தெரியும். அவன் பேட்ரிக் வைல்டிங் என்ற வெள்ளைக்கார இளைஞன். அவனுக்கு அந்த உடையும் மேடையேற்றமும் அமைந்தது சல்லிவன் குடும்பம் என்ற ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் கூத்துக் கலைஞர்களால்.

அதே காட்டுக்குள் இன்னொரு வெள்ளைக்காரனும் வருகிறான். பேராசிரியர் ஹெல்லிங்கன். அமெரிக்காவின் மேற்கை ரயில் இன்னும் எட்டிப்பார்க்காத காலத்தில் டைட்டன் என்ற பிரம்மாண்டமான இரும்பு ரோபோவைக் கட்டி நடக்கவிடுகிறவன். பிந்தைய கதைகளில் அக்ரோனியர் என்ற வேற்றுக்கிரகவாசிகளும் அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள். இவன் வில்லன், ஸாகோர் நாயகன். ஆனால் இருவருடைய வேலையும் ஒன்றுதான். காட்டு மக்களுக்கு விளங்காத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள், அதை அவர்கள் முன்னால் நிகழ்த்திக் காட்டுகிறார்கள், அதன்மூலம் பணியவைக்கிறார்கள். இந்த ஒற்றுமை என்னை நெடுநாளாக உறுத்துகிறது. அமெரிக்க எல்லைப்புறக் காலத்துக்குள் ரோபோவையும் விண்கலத்தையும் விசித்திர மிருகத்தையும் இறக்கிவிடும் காமிக்ஸ்களை எடைபோட, இதையே படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கலவை தமிழ் வாசகருக்கு அந்நியமில்லை. 1984இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய லயன் காமிக்ஸ் அடுத்த ஆண்டே எல்லைப்புறச் சாகச நாயகன் டெக்ஸ் வில்லரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. இரவுக் கழுகாரான டெக்ஸும் அவர் தோழர் வெள்ளி முடியாரும் நம் வீட்டு ஆட்களாகிப் போனார்கள். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே டெக்ஸின் எதிரி மெஃபிஸ்டோ மாந்திரீகம் செய்தபோதும், மெக்ஸிகோ கிராமமொன்றில் வாழும் எகிப்தியரான எல் மொரிஸ்கோ ஆய்வுக்கூடத்தில் மர்மங்களை அவிழ்த்தபோதும் நாம் முகம் சுளிக்கவில்லை. அந்த வாசிப்போடு ‘செவ்விந்தியர்’ என்ற சொல்லும் நம் மொழியில் ஒட்டிக்கொண்டது. வழிதவறிய ஒரு கப்பல்காரரின் பிழையையும் தோல் நிறத்தையும் சேர்த்துக் கட்டிய சொல் அது. இனக்குழுவின் பெயர் தெரிந்த இடங்களில் அதையே எழுதலாம். இங்கே அப்படித்தான் எழுதப்போகிறேன்.

என் கேள்வி இது. அந்த இயந்திரமோ மிருகமோ வந்து இறங்கிய பிறகு, நிலம் யாருடையது, அதை யார் யாரிடமிருந்து பறித்தார்கள் என்ற பழைய கணக்கில் ஏதாவது புதிதாகத் தெரிகிறதா? எதுவும் தெரியாவிட்டால் அந்த விஞ்ஞானம் அலங்காரம். அலங்காரத்தில் தவறில்லை, நானும் ரசிப்பேன். அந்தக் கணக்கின்மேல் போர்த்தும் துணியாக அது ஆகிவிட்டால்தான் சிக்கல்.

இந்த வகையின் மூதாதை காமிக்ஸ் அல்ல, ஒரு மலிவு விலை நாவல். 1868இல் எட்வர்ட் எல்லிஸ் எழுதிய ‘புல்வெளிகளின் நீராவி மனிதன்’. அதே ஆண்டு மார்ச்சில் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க்கைச் சேர்ந்த ஸாடாக் டெடெரிக் என்பவர், வண்டியை இழுத்து நடக்கும் நீராவி மனிதனுக்கு நிஜமாகவே காப்புரிமை வாங்கியிருந்தார். எல்லிஸ் அந்தப் பொம்மையைப் பத்தடி உயரத்துக்கு வளர்த்துப் புல்வெளிக்கு அனுப்பினார். செயிண்ட் லூயிஸில் வாழும் கூன்விழுந்த சிறுவன் ஜானி பிரெய்னெர்ட் அதைச் செய்கிறான். உயரத் தொப்பிதான் புகைபோக்கி. வயிற்றுக்குள் கொதிகலன். பின்னால் வண்டி, அதில் விறகும் நீரும் ஆட்களும். முகம் இரும்பில் அடித்து, கறுப்பு வண்ணம் பூசி, பல்லிளிக்கும் பெரிய வாய் வைத்தது.

அந்த முகத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 3 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வெள்ளையரின் வண்டியை இழுக்க, களைப்பில்லாத, கூலி கேட்காத, எப்போதும் சிரிக்கிற ஒரு கறுப்பு உருவத்தைக் கற்பனை கட்டிக்கொடுத்துவிட்டது. அந்த உருவம் எதற்குப் பயன்படுகிறது? தங்கம் தோண்டப் போகிறவர்களைச் சுமப்பதற்கு, பூர்வகுடிகளை விரட்டுவதற்கு. கடைசியில் வழியை மறித்து நிற்கிறவர்கள்மேல் கொதிகலனை அளவுக்கு மீறிச் சூடேற்றி ஏவிவிடுகிறான் சிறுவன். வெடித்துச் சிதறிய இரும்பில் பலர் சாகிறார்கள். கதை அதைச் சாமர்த்தியமாகவே சொல்லிச் செல்கிறது. மறு ஆண்டு, 1869 மே 10 அன்று, கண்டத்தின் குறுக்கே போட்ட ரயில்பாதை யூட்டாவில் இணைந்தது. நீராவி மனிதன் கால் முளைத்த ரயில்தான்.

வகை தொடங்கிய இடம் இது. பின்னால் வந்த ஒவ்வொரு கதையும் இந்தப் பரம்பரைச் சொத்தை என்ன செய்தது என்று பார்ப்பதுதான் விமர்சகன் வேலை.

ஸாகோர் 1961 ஜூனில் இத்தாலியில் பிறந்தது. எழுதியவர் செர்ஜியோ பொனெல்லி. டெக்ஸ் வில்லரை உருவாக்கிய ஜான் லூய்ஜி பொனெல்லியின் மகன். அப்பாவின் நிழலில் தன் பெயரைப் போடாமல் கூய்தோ நொலிட்டா என்ற புனைபெயரில் எழுதினார். வரைந்தவர் கல்லியேனோ ஃபெர்ரி. 2016இல் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், அந்தத் தொடரின் அட்டைகளை ஃபெர்ரி வரைந்துகொண்டே இருந்தார். ஒரே பாத்திரத்தோடு இவ்வளவு காலம் குடித்தனம் நடத்திய ஓவியர்கள் உலகக் காமிக்ஸில் மிகக் குறைவு. சதுப்பு நிலத்தில் தொங்கும் கொடிகளும், அடிமரங்களின் இருட்டும், அந்த இருட்டைப் பிளந்து பாயும் சிவப்புச் சட்டையும் அவர் கை தந்தவை. டார்க்வுட்டில் காட்டேரி வந்தாலும் வைக்கிங் வந்தாலும் நாம் நம்புகிறோம் என்றால், அந்த மரங்களை முதலில் நம்பிவிட்டோம் என்பதுதான் காரணம்.

நொலிட்டாவின் சாதனை ஸாகோரின் பிறப்புக் கதை. பேட்ரிக்கின் தந்தை மைக் வைல்டிங் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி. சாலமன் கின்ஸ்கி என்ற போதகன் தலைமையில் வந்த அபெனாகிகள் பெற்றோரைக் கொல்கிறார்கள். ஆற்றோடு போன சிறுவனை ஃபிட்ஸி என்ற நாடோடி காப்பாற்றி வளர்க்கிறான். பையன் வளர்ந்து, அபெனாகிகளைத் தேடிப்போய்ப் பழி தீர்க்கிறான். அதற்குப் பிறகுதான், தன் தந்தை ராணுவத்தில் இருந்தபோது அபெனாகிகளைக் கொன்று குவித்தவர் என்று அவனுக்குத் தெரிகிறது. 1960களின் சாகசக் காமிக்ஸில் இது லேசான காரியமில்லை. நாயகனின் கை கறைபட்டது, அவன் பழிவாங்கலும் நியாயமற்றது என்று படைத்தவரே எழுதிவைக்கிறார். அந்தக் குற்றவுணர்விலிருந்துதான் இரு தரப்புக்கும் நடுவே சமாதானம் காக்கும் ஸாகோர் உருவாகிறான்.

ஆனால் அவன் சமாதானம் காக்கும் முறை? வெள்ளையரிடம் அவன் பேசுகிறான், வாதாடுகிறான், தேவைப்பட்டால் சண்டை போடுகிறான். பூர்வகுடிகளிடம் ஆவியாக வேஷம் கட்டுகிறான். ஒரு தரப்புக்கு வாதம், மறுதரப்புக்கு வாணவேடிக்கை. தந்தையின் குற்றத்தை அறிந்தவன், அந்த மக்களைத் தனக்குச் சமமானவர்களாக உட்காரவைத்துப் பேசும் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். கதை அவனை அந்த வாசல்வரை கூட்டிவந்துவிட்டு, புகைக்குண்டைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இங்கேதான் ஹெல்லிங்கன் முக்கியமாகிறான். டைட்டன் காட்டுக்குள் நடக்கும் கதை எனக்கு வெறும் பைத்தியக்கார விஞ்ஞானி கதையாகத் தெரியவில்லை. ஸாகோர் சிறிய அளவில், நல்ல எண்ணத்தோடு செய்வதை, ஹெல்லிங்கன் பெரிய அளவில், கெட்ட எண்ணத்தோடு செய்கிறான். இருவருக்கும் கருவி மக்களின் திகைப்பு. இந்தக் கண்ணாடியை நொலிட்டா தெரிந்து வைத்தாரா, தெரியாமலே அமைந்ததா என்பது இரண்டாம்பட்சம். கண்ணாடி இருக்கிறது, அதில் ஸாகோரை முகம் பார்க்கவைக்கும் துணிச்சல் கதைக்கு இல்லை. ஹெல்லிங்கன் ஒவ்வொரு முறையும் தோற்று, மறுபடி வந்து, மறுபடி தோற்கிறான். ‘நீயும் இதைத்தானே செய்கிறாய்’ என்று ஸாகோரைப் பார்த்துக் கேட்க ஒரு பூர்வகுடித் தலைவர் எழுந்து நின்றிருந்தால், தொடரின் மொத்த எடையே மாறியிருக்கும்.

சிறுவர்களுக்கான பொழுதுபோக்கைப் போய் இப்படிக் குடையலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிறுவயதில் படித்ததுதான் ஆழமாகத் தங்குகிறது, அதனால்தான் குடைகிறேன். அபெனாகிகள் கற்பனை மக்கள் இல்லை. மெய்ன், வெர்மான்ட், கியூபெக் பகுதிகளில் இன்றும் வாழ்கிறவர்கள். இத்தாலிய வாசகனுக்கு அண்டை வீட்டில் ஓர் அபெனாகி இல்லை. அந்தத் தூரம் கற்பனைக்குச் சுதந்திரம் கொடுத்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற சௌகரியத்தையும் கொடுத்தது.

அடுத்து, ‘கௌபாய்ஸ் அண்ட் ஏலியன்ஸ்’. 2006இல் வந்த கிராபிக் நாவல். இதன் தலையெழுத்தே வேறு. புத்தகம் பிறப்பதற்கு 9 ஆண்டுகள் முன்பே, 1997இல், ஒரு யோசனையாக மட்டும் இருந்தபோதே திரைப்பட உரிமை விற்றுவிட்டது. அதன் முன்னுரைப் பக்கங்களை நான் மதிக்கிறேன். ஐரோப்பியர் அமெரிக்காவில் குடியேறிய விதத்தையும் வேற்றுக்கிரகவாசிகள் கிரகங்களைப் பிடிக்கும் விதத்தையும் அருகருகே வைத்து, உங்களுக்கு இப்போது நடக்கப்போவது நீங்கள் செய்ததுதான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. சரியான கேள்வி, சரியான இடத்தில். அதற்குப் பிறகு கதை அதை மறந்துவிடுகிறது. 1873இன் அரிசோனாவில் விண்கலம் இறங்கியதும் அப்பாச்சிகளும் குடியேறிகளும் பொது எதிரிக்கு எதிராகத் தோள் சேர்கிறார்கள். பொது எதிரி வந்துவிட்டால் பழைய வழக்கைத் தள்ளிவைத்துவிடலாம் அல்லவா? நான் மேலே சொன்ன போர்வை இதுதான். 2011இல் வந்த படம் அந்த முன்னுரையையும் கழற்றிப் போட்டுவிட்டது. படத்தின் ஏலியன்கள் தேடி வருவது தங்கம்! வெள்ளையரை மேற்கே இழுத்த அதே தங்கம். கையில் கிடைத்த இந்த ஒப்புமையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

2013இலிருந்து 2022வரை 48 இதழ்களாக வந்த ‘மேனிஃபெஸ்ட் டெஸ்டினி’யிடம் நான் அதிக எதிர்பார்ப்போடு போனேன். எழுத்து கிறிஸ் டிங்கெஸ், ஓவியம் மேத்யூ ராபர்ட்ஸ். 1804 மே மாதம் செயிண்ட் லூயிஸ் அருகிலிருந்து மிசௌரி ஆற்றில் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸ்–கிளார்க் பயணம்தான் கதைக்களம். ஜனாதிபதி ஜெஃபர்சன் அவர்களுக்கு வெளியே சொல்லாத ஒரு வேலையும் கொடுத்தார், மேற்கில் இருக்கும் பயங்கர மிருகங்களை ஒழித்து நிலத்தைக் குடியேற்றத்துக்குத் தயார் செய்வது என்பது கற்பனை. இதை விஞ்ஞானப் புனைவில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். சேர்க்கலாம். இங்கே விஞ்ஞானம் கருவியில் இல்லை, பார்வையில் இருக்கிறது. லூயிஸ் ஒவ்வொரு மிருகத்தையும் அறுத்து, அளந்து, வரைந்து, பெயர் வைக்கிறான்.

இந்தக் கற்பனைக்கு வரலாற்றில் விதை உண்டு. வர்ஜீனியாவில் ஒரு குகையிலிருந்து கிடைத்த ராட்சத நகங்களைப் பற்றி ஜெஃபர்சன் 1797இல் ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார். அதற்கு மெகலோனிக்ஸ் என்று பெயரும் வைத்தார். அப்படிப்பட்ட உயிர்கள் மேற்கில் இன்னும் உலவக்கூடும் என்று நம்பினார். அழிந்துபோனதாகக் கருதப்படும் விலங்குகளைக் கவனிக்கும்படி லூயிஸுக்குக் கொடுத்த உத்தரவிலேயே எழுதினார். லூயிஸ் கூட்டம் கண்டது வேறு. 1804 செப்டம்பரில் வளைக்குள் பதுங்கிய ஒரு சின்னப் பிராணியைப் பிடிக்க, ஆற்றிலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் சுமந்துவந்து வளைக்குள் ஊற்றினார்கள். கடைசியில் ஒன்று நனைந்துபோய் வெளியே வந்தது. புல்வெளி நாய் என்று அதற்குப் பெயர். மறு ஆண்டு அப்படிப் பிடித்த ஒன்றை உயிரோடு ஜெஃபர்சனுக்கு அனுப்பிவைத்தார்கள். எதிர்பார்த்தது ராட்சதன், கிடைத்தது உள்ளங்கை இரண்டில் அடங்கும் அணில் இனம். இந்த இடைவெளிக்குள்தான் ராபர்ட்ஸின் தூரிகை நுழைகிறது. முழுப் பக்கத்தை அடைத்து நிற்கும் அவருடைய மிருகங்களில் இயற்கையியல் ஏட்டின் நுணுக்கமும் கெட்ட கனவின் அளவும் சேர்ந்திருக்கின்றன.

குறையையும் சொல்லிவிட வேண்டும், அது சிறிய குறையில்லை. நிஜப் பயணம் வெற்று நிலத்தில் நடக்கவில்லை. ஏறக்குறைய 50 இனக்குழுக்களை அவர்கள் சந்தித்தார்கள். 1804–05 குளிர்காலத்தை மாண்டன், ஹிடாட்சா மக்களின் சோளத்தால்தான் தாண்டினார்கள். காமிக்ஸில் இந்த மக்களின் இடத்தைப் பெரும்பாலும் மிருகங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஷொஷோனி இனத்தின் சகாகவேயா இருக்கிறாள். ஆனால் நிஜத்தில் கைக்குழந்தையோடு ஆற்றையும் மலையையும் கடந்த பதினாறு வயதுப் பெண்ணை மிருகம் கொல்லும் வீராங்கனையாக்கியது வியப்பைத் தந்ததே தவிர ஆழத்தைத் தரவில்லை. மனிதர்கள் வாழ்ந்த நிலத்தை மிருகங்கள் திரிந்த நிலமாக மாற்றுவது, குடியேறிகள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட கதையைத்தான் இன்னொரு முறை சொல்கிறது.

ஃபெஸ்ரான் கதை வரும்வரை என் தீர்ப்பு இதுவாகத்தான் இருந்தது. வழியில் டாஹாக் என்ற ஒரு சின்ன, மெத்தென்ற, பேசத் தெரிந்த உயிரைச் சந்திக்கிறார்கள். ஃபெஸ்ரான் இனம். வாசகர்கள் அதை நேசிக்கும்படி எழுதியிருக்கிறார்கள். அதன் ஊரை அச்சுறுத்தும் பறவை மிருகத்தைக் கொல்ல இரு தரப்பும் கைகோக்கின்றன. வேலை முடிகிறது. பிறகு லூயிஸும் கிளார்க்கும் கணக்குப் போடுகிறார்கள்: இவர்களும் இந்த நிலத்தில் இருக்கக்கூடாதவர்கள்தானே? ஃபெஸ்ரான் ஊரை ஒருவர் விடாமல் கொல்கிறார்கள். நன்றி, நட்பு, பொது எதிரி எல்லாம் ஒரே இரவில் செல்லாக்காசாகின்றன. கௌபாய்க் கதை எந்த இடத்தில் தழுவிக்கொண்டு முடித்ததோ, அந்த இடத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. அதுவரை நாம் ஆரவாரித்த ஒவ்வொரு மிருக வேட்டையையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காமிக்ஸில் நாட்குறிப்புகள் இரண்டு. உலகத்துக்கு ஒன்று, ஜெஃபர்சனுக்கு மட்டும் ரகசியமாக ஒன்று. கொடுமைகள் ரகசிய ஏட்டுக்குப் போகின்றன. அழகான உத்தி, ஆனால் வரலாற்றை அது ஓரளவு மன்னித்துவிடுகிறது. 1806 ஜூலை 27 அன்று டூ மெடிசின் ஆற்றங்கரையில் துப்பாக்கிகளையும் குதிரைகளையும் பற்றி லூயிஸ் குழுவோடு நடந்த மோதலில் பிளாக்ஃபீட் இளைஞர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். முந்தின நாள் கொடுத்த சமாதானப் பதக்கத்தை இறந்தவர் கழுத்திலேயே விட்டுவந்ததாக லூயிஸ் எழுதுகிறார். தாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்பதற்காக. இது ரகசிய ஏட்டில் இல்லை, எல்லாரும் படிக்கும் நாட்குறிப்பில் இருக்கிறது. எல்லைப்புறம் தன் காரியங்களை ஒளிக்க அவ்வளவு சிரமப்படவில்லை.

ஜான்ஃப்ராங்கோ மான்ஃப்ரெடி எழுதிய ‘மேஜிக் விண்ட்’ தொடரையும் (1997–2010) ஒரு வரி சொல்லாமல் போனால் அநியாயம். ரயில் வெடிப்பில் தலைக்குள் பாய்ந்த உலோகத் துணுக்கோடு நினைவிழந்த ஒரு சிப்பாயை லகோட்டா மாந்திரீகர் காப்பாற்றுகிறார். அவன் அவர்களிடம் கற்கிறான். ஸாகோரைப் போல அவர்களுக்கு வித்தை காட்டவில்லை. விஞ்ஞானம் அதில் குறைவு, திகில் அதிகம், அதனால் இந்தத் தராசில் முழுதாக நிற்காது. ஆனாலும் திசை சரி.

வித்தை என்றதும் நினைவுக்கு வருவது 1504 பிப்ரவரி 29. ஜமைக்காவில் மாட்டிக்கொண்ட கொலம்பஸ், சந்திர கிரகணம் வரும் நாளை ஏட்டில் பார்த்து வைத்துக்கொண்டு, கடவுள் கோபத்தில் நிலவை மறைக்கப் போகிறார் என்று மிரட்டி உணவு வாங்கினார். இந்தச் சம்பவத்தின் பேரன் பேத்திகள் சாகசக் கதையெங்கும் இருக்கிறார்கள். டின்டின்கூட சூரிய கிரகணத்தை வைத்துத்தான் இன்காக்களிடமிருந்து தப்புகிறான். ஸாகோரின் வெடியும் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் அமெரிக்க எல்லைப்புறத்தில், லூயிஸ்–கிளார்க் பயணக் காலத்திலேயே, இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஷானீ இனத்தின் டென்ஸ்க்வாடாவா, அந்த இனத் தலைவர் தெகும்சேயின் தம்பி, தீர்க்கதரிசியாக மக்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். இண்டியானா பிரதேச ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசன், அவர் உண்மையான தீர்க்கதரிசி என்றால் சூரியனை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள் என்று டெலவேர் இன மக்களுக்கு எழுதினார். டென்ஸ்க்வாடாவா நாள் குறித்தார். 1806 ஜூன் 16 அன்று, ஒஹாயோவின் கிரீன்வில்லில், கூடியிருந்த மக்கள் கண்ணெதிரே பட்டப்பகலில் சூரியன் மறைந்தது. கிரகணத்தின் நாள் கையில் இருந்தது இந்தமுறை காட்டு மக்களின் பக்கம். வாய்விட்டு மாட்டிக்கொண்டவர் பின்னாளில் ஜனாதிபதியான ஆளுநர்.

ஆகவே என் தீர்ப்பு. ‘கௌபாய்ஸ் அண்ட் ஏலியன்ஸ்’ முதல் சில பக்கங்களைத் தவிர்த்துத் தள்ளுபடி. ஃபெர்ரியின் மரங்களுக்காகவும் பேட்ரிக் வைல்டிங்கின் குற்றவுணர்வுக்காகவும் ஸாகோரைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்; ஆனால் அந்தப் புகைக்குண்டை மன்னிக்கமாட்டேன். ‘மேனிஃபெஸ்ட் டெஸ்டினி’ மாண்டன் மக்களுக்கும் சகாகவேயாவுக்கும் கடன்பட்டிருக்கிறது, இருந்தாலும் ஃபெஸ்ரான் ஊரின் அந்தப் பக்கங்களுக்காக முதலிடம் அதற்கு. நீராவி மனிதன் விட்டுப்போன சொத்தை வாங்க மறுத்த கதை அது.

நான் வாசித்தவற்றில் டென்ஸ்க்வாடாவாவை நடுவில் வைத்த காமிக்ஸ் எதுவும் இல்லை. கிரகணம் ஜூனில், பதக்கம் ஜூலையில், செப்டம்பர் 23 அன்று லூயிஸும் கிளார்க்கும் செயிண்ட் லூயிஸ் திரும்பி வந்து சேர்ந்தார்கள். எல்லாம் 1806 என்ற ஒரே ஆண்டுக்குள். ஃபெர்ரியைப் போல மரம் வரையத் தெரிந்த ஒரு கை அந்த ஆண்டைத் தொடக்கூடாதா என்று ஏங்குகிறேன்.